ஒரு சாணா, ஒரு முழமா?

பட்டாம்பூச்சிகளைப் படமெடுக்கும் ஆர்வத்துக்கு வயது வரம்பில்லை. வார இறுதியில் ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் கேமராவுடன் புறப்படும் இளைஞர்கள், பணி ஓய்வுக்குப் பின் புதியதொரு பொழுதுபோக்கைத் தேடும் பெரியவர்கள், பிள்ளைகளுக்கு இயற்கையை அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோர் எனப் பலரும் இதில் ஈடுபடுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த மேக்ரோ லென்ஸ் வாங்கலாம்?" கடைக்காரரும் நண்பரும் தத்தமக்குத் தெரிந்த பெயரைச் சொல்வர். விலை அரை லட்சத்தைத் தாண்டும். சிலவற்றுக்கு ஒரு லட்சமும் போதாது. அடுத்து, தவணைத் திட்டங்களைப் பற்றிய விசாரணை தொடங்கிவிடும்.

அந்தக் கேள்வி தொடங்கும் இடமே சரியில்லை என்பது என் கருத்து. பட்டாம்பூச்சியை மட்டுமே மனத்தில் கொண்டு முதன்முதலாகப் பணம் செலவிடுவோருக்கு மேக்ரோ லென்ஸ் முதல் தேவை ஆகாது. அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரவேண்டிய பொருள். இவ்வாறு சொல்வதற்குச் சிக்கனம் ஒரு காரணம் என்றாலும், அதுவே முழுக் காரணமாகாது. படத்தின் தரம், பூச்சியின் நலம் ஆகிய இரண்டும் இதில் அடங்கியுள்ளன. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு பெரிதாக்க வேண்டும்?

அண்மைப் படங்களைப் பற்றிய பேச்சு முழுவதும் 'உருப்பெருக்கம்' என்னும் ஓர் அளவில் தொடங்குகிறது. கேமராவின் உணரித் தகட்டின்மேல் விழும் பிம்பத்தின் நீளத்தை, பொருளின் உண்மையான நீளத்தால் வகுத்தால் கிடைப்பது அது. பிம்பமும் பொருளும் ஒரே அளவில் இருந்தால் உருப்பெருக்கம் ஒன்று. மேக்ரோ லென்ஸ் என்று முறையாக அழைக்கப்படுபவை இந்த அளவை எட்டக்கூடியவை.

இனி, பூச்சியின் அளவைப் பார்ப்போம். நம் வீட்டு எலுமிச்சைச் செடியைத் தேடி வரும் எலுமிச்சை அழகியின் விரித்த சிறகு 80 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியன் 70 முதல் 80 மி.மீ. மகாராஷ்டிரம் 2015-ஆம் ஆண்டில் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த நீல அழகி 120 முதல் 150 மி.மீ. முழுச் சட்டகக் கேமராவின் உணரியோ 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. உருப்பெருக்கம் ஒன்று என்ற நிலையில் இந்தக் கேமரா காணும் அகலம் 36 மி.மீ. மட்டுமே. எலுமிச்சை அழகியின் ஒரு பக்கச் சிறகுகூட அதில் முழுமையாக அடங்காது.

சிறகு முழுவதும் தெரிந்து, சுற்றிலும் சற்று இடமும் விட்டுப் படம் அமைய வேண்டுமானால், எலுமிச்சை அழகிக்கு முழுச் சட்டகக் கேமராவில் ஏறத்தாழ 0.3 உருப்பெருக்கம் போதும். பலரும் வைத்திருக்கும் ஏ.பி.எஸ்.-சி வகைக் கேமராவின் உணரி ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமே உள்ளது என்பதால், அதில் 0.2 போதுமானது. சிறகை மடக்கி அமர்ந்திருக்கும் நடுத்தர அளவுப் பூச்சிக்குக்கூட 0.25 முதல் 0.4 வரை இருந்தால் சட்டகம் நிறைந்துவிடும். நம் நாட்டில் பதிவாகியுள்ள 1,300-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்களுள் பெரியவையும் நடுத்தரமானவையும் இந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன.

விதிவிலக்குகள் உண்டு. நீலன்கள் எனப்படும் சிறிய பூச்சிகள், தாவிகள், 'கிராஸ் ஜுவல்' என்னும் மிகச் சிறிய பூச்சி ஆகியவை அத்தகையவை. கிராஸ் ஜுவலின் விரித்த சிறகே 15 முதல் 22 மி.மீ. வரைதான். முட்டை, இளம்புழு, சிறகுச் செதில் ஆகியவற்றைப் படமெடுப்பதும் இவ்வகையில் சேரும். இவற்றுக்கு உருப்பெருக்கம் ஒன்றை நெருங்கவோ தாண்டவோ வேண்டும். ஆனால் தொடக்கநிலை அன்பர் ஒருவரின் முதல் ஆண்டில், நூற்றுக்குப் பெரும்பங்கு படங்கள் இந்த விதிவிலக்குக்குள் வருவதில்லை. அரிதாகத் தேவைப்படும் ஆற்றலுக்கு முதலிலேயே முழு விலை கொடுப்பது முறையான திட்டமிடல் ஆகுமா?

தூரமே முதல் தேவை

இரண்டாவது காரணம் தூரம். பட்டாம்பூச்சியின் கூட்டுக்கண் நுண்ணிய விவரங்களைக் காண்பதில் நம் கண்ணுக்கு நிகரில்லை. ஆனால் அசைவை உணர்வதில் மிகக் கூர்மையானது. கேமராவை உயர்த்தும் கை, முன்னே வளரும் லென்ஸ், பூச்சியின் மேல் விழும் நிழல் ஆகிய ஒவ்வொன்றும் அதற்கு ஆபத்தின் அறிகுறியே. சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். பட்டாம்பூச்சியை நெருங்குபவரின் அனுபவம் இதைவிட மோசமானது: கடைசிச் சாணைக் கடக்கும்போது பூச்சி பத்து முழம் தள்ளிப் போய்விடும்.

மேக்ரோ லென்ஸின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் குறைந்தபட்சக் குவியத் தூரம் உணரித் தகட்டிலிருந்து அளக்கப்படுவது. அதில் கேமராவின் பருமனும் லென்ஸின் நீளமும் அடங்கியுள்ளன. அவற்றைக் கழித்த பின் எஞ்சுவதே கண்ணாடிக்கும் பூச்சிக்கும் உள்ள உண்மையான இடைவெளி. கேனனின் புகழ்பெற்ற 100 மி.மீ. எஃப் 2.8 எல் மேக்ரோ லென்ஸின் குறைந்தபட்சத் தூரம் 30 செ.மீ. என்று குறிக்கப்பட்டிருக்கும். உருப்பெருக்கம் ஒன்றில் அதன் முன்கண்ணாடிக்கும் பூச்சிக்கும் எஞ்சும் இடைவெளி ஏறத்தாழ 14 செ.மீ. மட்டுமே, உள்ளங்கையை நீட்டினால் மறைந்துவிடும் தூரம். உருப்பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தாலும் அது ஏறத்தாழ ஒரு சாண்தான். 150, 180 மி.மீ. மேக்ரோ லென்ஸ்கள் இந்த இடைவெளியைக் கூட்டித் தருகின்றன. ஆனால் எடையும் விலையும் அதற்கேற்பக் கூடுகின்றன.

மாறாக, தொலைவுக் காட்சிக்கான சூம் லென்ஸ்களைப் பாருங்கள். பறவைக்கும் விளையாட்டுக்கும் என்று விற்கப்படும் இவற்றுள் பல, அண்மைப் படத்திலும் வியப்பூட்டும் திறன் கொண்டவை. கேனனின் 55-250 மி.மீ. எஸ்.டி.எம். லென்ஸ் 0.29 உருப்பெருக்கம் தருகிறது. அதன் குறைந்தபட்சத் தூரம் 85 செ.மீ. முன்கண்ணாடியிலிருந்து கணக்கிட்டால் பூச்சி ஏறத்தாழ இரண்டு அடி தள்ளி நிற்கலாம். அந்நிறுவனத்தின் கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கான 100-400 மி.மீ. லென்ஸ் 0.41 வரை தருகிறது. நிகானின் 70-300 மி.மீ. ஏ.எஃப்.-பி டி.எக்ஸ். லென்ஸ் 0.22 தருகிறது. எலுமிச்சை அழகிக்கு ஏ.பி.எஸ்.-சி கேமராவில் தேவைப்படும் அளவு 0.2 என்று மேலே கண்டோம். கேமராவுடன் சேர்த்து வாங்கி, அலமாரியில் வைத்திருக்கும் சூம் லென்ஸே அந்தத் தேவையை நிறைவேற்றிவிடுகிறது.

ஐந்து அமைப்புகள், ஓர் ஒப்பீடு

இனி, கடைத்தெருவில் கிடைக்கும் அமைப்புகளை வரிசையாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மேக்ரோ லென்ஸ். தொலைவிலிருந்து உருப்பெருக்கம் ஒன்று வரை தடையின்றிக் குவியம் செய்யலாம். ஓரம் வரை கூர்மை குன்றாது. எஃப் 2.8 என்னும் அகன்ற துளை கொண்டது. ஆனால் அந்த அகன்ற துளையைப் பட்டாம்பூச்சிக்குப் பயன்படுத்த இயலாது என்பதை விற்பனையாளர் சொல்வதில்லை. சிறகு முழுவதும் தெளிவாக இருக்க வேண்டுமானால் துளையை எஃப் 8 அல்லது எஃப் 11 வரை சுருக்கியே ஆக வேண்டும். எஃப் 5.6-இல் தொடங்கும் மலிவான சூம் லென்ஸும் அதே எஃப் 8-இல்தான் நிற்கப்போகிறது. குவியம் செய்யும்போது கூடுதல் வெளிச்சம் கிடைக்கும் என்பது தவிர, அந்த அகன்ற துளைக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி இங்கே பயன்படாமல் போகிறது.

இரண்டாவது, சூம் லென்ஸின் முன் திருகிப் பொருத்தும் குளோசப் லென்ஸ். இது கண்ணுக்கு அணியும் வாசிப்புக் கண்ணாடி போன்றது. இதன் திறன் டயாப்டர் என்னும் அலகில் குறிக்கப்படும். இரண்டு டயாப்டர் லென்ஸைப் பொருத்தி, சூம் லென்ஸைத் தொலைவுக் குவியத்தில் வைத்தால், பூச்சி சரியாக 50 செ.மீ. தூரத்தில், அதாவது ஏறத்தாழ ஒரு முழத்தில், தெளிவாகத் தெரியும். அப்போது உருப்பெருக்கத்தைக் கணக்கிட, சூம் லென்ஸின் குவியத் தூரத்தை 500-ஆல் வகுத்தால் போதும். 250 மி.மீ.க்கு 0.5, 100 மி.மீ.க்கு 0.2. ஒரே இடத்தில் அசையாமல் நின்றுகொண்டு, சூம் வளையத்தை மட்டும் திருப்பிப் பெரிய பூச்சிக்கும் சிறிய பூச்சிக்கும் சட்டகத்தை மாற்றலாம் என்பதே இந்த அமைப்பின் பெருஞ்சிறப்பு. மேக்ரோ லென்ஸில் இதே மாற்றத்துக்கு உடலை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருக்கும். அந்த அசைவே பூச்சியைக் கலைத்துவிடும்.

கேனன் 500டி என்பது இத்தகைய இரண்டு டயாப்டர் லென்ஸ். பெயரில் கேனன் இருந்தாலும் திருகு அளவு பொருந்தும் எந்த லென்ஸிலும் இதை மாட்டலாம். ரேனாக்ஸ் டி.சி.ஆர்.-150 என்பது 4.8 டயாப்டர் திறன் கொண்டது. 52 முதல் 67 மி.மீ. வரையிலான விட்டமுள்ள லென்ஸ்களில் கவ்விக்கொள்ளும். இதைப் பொருத்தினால் தூரம் 21 செ.மீ. ஆகக் குறையும், ஆனால் 250 மி.மீ.யில் உருப்பெருக்கம் 1.2 ஆக உயரும். நீலன்களுக்கும் புழுக்களுக்கும் இது போதும். மேக்ரோ லென்ஸின் விலையோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறு செலவே. ஒரு எச்சரிக்கை: ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவு விலைத் தொகுப்புகளை வாங்க வேண்டாம். அவை சிறகின் விளிம்பில் நிறச் சிதறலை உண்டாக்கும். இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகளை இணைத்துச் செய்யப்பட்ட, நிறப்பிழை நீக்கிய வகையையே கேட்டு வாங்க வேண்டும். இந்த அமைப்பின் குறை ஒன்றும் உண்டு: குளோசப் லென்ஸ் மாட்டியிருக்கும் வரை தொலைவில் உள்ள எதுவும் தெளிவாகத் தெரியாது. பூச்சி மூன்றடி தள்ளி அமர்ந்தால் லென்ஸைக் கழற்றியாக வேண்டும்.

மூன்றாவது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் பொருத்தும் எக்ஸ்டென்ஷன் டியூப் எனப்படும் வெற்றுக் குழல். உள்ளே கண்ணாடி இல்லாததால், கண்ணாடியின் தரம் பற்றிய கவலை இல்லை. ஆனால் இது கூட்டித் தரும் உருப்பெருக்கம், குழலின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்த அளவே. 25 மி.மீ. குழல் 50 மி.மீ. லென்ஸுக்கு 0.5 கூட்டும், 250 மி.மீ.க்கு ஏறத்தாழ 0.1 மட்டுமே கூட்டும். ஆகவே குறுகிய லென்ஸுக்குக் குழலும், நீண்ட லென்ஸுக்குக் குளோசப் லென்ஸும் பொருந்தும் என்பது பொது விதி. 50 மி.மீ. லென்ஸும் குழலும் சேர்ந்தால் செலவு குறைவுதான். ஆனால் பூச்சிக்கு மிக அருகில் செல்ல வேண்டியிருப்பதால் பட்டாம்பூச்சிக்கு இது உகந்ததன்று. பூவுக்கும் காளானுக்கும் பயன்படும்.

நான்காவது, 300 அல்லது 400 மி.மீ. தொலைவு லென்ஸ் மட்டும். கேனனின் 300 மி.மீ. எஃப் 4 எல் ஐ.எஸ். லென்ஸ் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து 0.24 உருப்பெருக்கம் தரும். ஆற்றங்கரை ஈரமணலில் கூட்டமாக அமர்ந்து உப்புச்சத்தை உறிஞ்சும் பூச்சிகளையும், அருணாசலப் பிரதேசத்தின் நம்தபா போன்ற காடுகளில் கைக்கெட்டாத கிளைகளில் அமரும் பூச்சிகளையும் படமெடுக்க இதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை. பின்னணியில் குறுகிய பகுதியே சட்டகத்துக்குள் வருவதால், குப்பையும் குச்சிகளும் கரைந்து, வண்ணத்திரை போன்ற பின்புலம் கிடைக்கும். எடையும் கை நடுக்கமும் இதன் குறைகள். ஒற்றைக்கால் தாங்கி ஒன்று இருந்தால் இரண்டும் பெருமளவு தீரும்.

ஐந்தாவது, சிறிய உணரி கொண்ட கேமராக்களும் கைபேசியும். லென்ஸ் கழற்ற இயலாத சூம் கேமராக்கள் பலவற்றில் உணரியின் அகலம் ஏறத்தாழ 6 மி.மீ. மட்டுமே. ஆதலால் எலுமிச்சை அழகிக்கு 0.05 உருப்பெருக்கமே போதுமானதாகிறது. தெளிவு ஆழமும் மிகுதியாகக் கிடைக்கிறது. நல்ல வெயிலில் இவை தரும் படங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. நிழலில் மட்டும் படம் புள்ளி புள்ளியாகச் சிதையும். கைபேசியைப் பொறுத்தவரை, அகன்ற கோண லென்ஸின் வழியே இயங்கும் மேக்ரோ வசதி சில செ.மீ. தூரத்தில் வேலை செய்வது. பட்டாம்பூச்சி அந்த நெருக்கத்தை அனுமதிப்பது அரிது. தொலைவு லென்ஸின் வழியே அண்மைப் படம் எடுக்கும் கைபேசிகள் இதனினும் மேல்.

தெளிவு ஆழம் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை

விலையுயர்ந்த லென்ஸ் வாங்கினால் சிறகு முழுவதும் தெளிவாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஒரே கேமராவில் ஒரே உருப்பெருக்கமும் ஒரே துளையும் இருந்தால், எந்த லென்ஸாக இருந்தாலும் தெளிவு ஆழம் ஏறத்தாழ ஒன்றே. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் எஃப் 8 வைத்தால், 0.25 உருப்பெருக்கத்தில் ஏறத்தாழ 6 மி.மீ. ஆழம் கிடைக்கும், 0.5-இல் 2 மி.மீ.; ஒன்றில் 0.6 மி.மீ. மட்டுமே. இந்த வறுமையைப் பணத்தால் தீர்க்க முடியாது. துளையை மேலும் சுருக்கலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு: உருப்பெருக்கம் ஒன்றில் எஃப் 11 என்பது உண்மையில் எஃப் 22 போலச் செயல்பட்டு, ஒளிச் சிதறலால் முழுப் படமும் மங்கத் தொடங்கும்.

தீர்வு எடுப்பவரின் உடல்நிலையில் உள்ளது. பூச்சி சிறகை மடக்கியிருந்தால் அதன் பக்கவாட்டில், உணரித் தகடு சிறகுத் தளத்துக்கு இணையாக இருக்கும்படி கேமராவைப் பிடிக்க வேண்டும். சிறகு விரிந்திருந்தால் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்வாகப் பிடித்தால் எத்தனை லட்சம் செலவிட்டாலும் ஒரு சிறகு மங்கியே இருக்கும். நடுக்கக் கட்டுப்பாட்டு வசதியும் அப்படியே. மேலே குறிப்பிட்ட 100 மி.மீ. எல் மேக்ரோவில் சாதாரணத் தூரத்தில் நான்கு படி வரை உதவும் அவ்வசதி, உருப்பெருக்கம் ஒன்றில் ஏறத்தாழ இரண்டு படிகளாகக் குறைந்துவிடுகிறது என்பது அந்நிறுவனமே தெரிவிக்கும் கணக்கு.

மறுதரப்பின் நியாயம்

மேக்ரோ லென்ஸின் ஆதரவாளர்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. அவர்கள் கூறுவதில் மூன்று நியாயங்கள் உள்ளன. ஒன்று, கூர்மை: பெரிய தாளில் அச்சிடும்போது நல்ல மேக்ரோ லென்ஸின் படம், குளோசப் லென்ஸ் பொருத்திய சூம் லென்ஸின் படத்தை விடத் தெளிவாக நிற்கும். இரண்டு, வசதி: எதையும் திருகிக் கழற்ற வேண்டியதில்லை. மூன்று, வாழ்க்கைச் சுழற்சி: பட்டாம்பூச்சியின் முட்டை, புழு, கூட்டுப்புழு நிலைகளைத் தொடர்ந்து பதிவு செய்வோருக்கு உருப்பெருக்கம் ஒன்று அன்றாடத் தேவை. புழு பறந்துபோவதில்லை, ஆகவே தூரக் கணக்கும் அங்கே செல்லாது.

மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இவை அனைத்தும் ஓரிரு ஆண்டுகள் இத்துறையில் நடந்தவருக்கு உரிய தேவைகள். எந்தப் பூச்சி எந்தச் செடியைத் தேடி வரும், எந்த நேரத்தில் வெயில் காயும், எவ்வளவு மெதுவாக நெருங்கினால் கலையாது என்பவற்றை அறியாதவரின் கையில் கூர்மையான லென்ஸ் இருந்தும், கிடைப்பது பறந்துபோன பூச்சியின் வெற்று இலைதான். அறிந்தவரோ பழைய சூம் லென்ஸோடு சென்றாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

நெருக்கம் தரும் நெருக்கடி

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு சாண் தூரத்துக்குள் சென்றால்தான் படம் என்ற நிலை, சிலரைத் தவறான வழிகளுக்குத் தூண்டுகிறது. பூச்சியைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மயங்கிய நிலையில் மலரின்மேல் அமர்த்திப் படமெடுக்கும் பழக்கம் அவற்றுள் கொடியது. பட்டாம்பூச்சி தன் உடல்வெப்பத்துக்குச் சூரியனை நம்பி வாழும் உயிர். குளிர்ந்தால் அதனால் பறக்க இயலாது. அந்த இயலாமையை அழகு என்று நாம் பார்வைக்கு வைக்கிறோம். விரலால் பிடித்த சிறகின் செதில்கள் உதிர்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. பின்னணி தெளிவாக வேண்டும் என்று ஒடித்தெறியும் கிளையில் அதன் முட்டைகள் இருக்கலாம். ஈரமணலில் ஆண் பூச்சிகள் உறிஞ்சும் உப்புச்சத்து, இனச்சேர்க்கையின் வழியே பெண்ணுக்குச் சென்று சேர்கிறது என்பது ஆய்வுகள் காட்டியுள்ள உண்மை. படத்துக்காக அக்கூட்டத்தைக் கலைப்பவர், ஒரு வேளை உணவை மட்டும் கலைக்கவில்லை.

சட்டமும் இதில் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல பட்டாம்பூச்சி இனங்கள் இடம்பெற்றுள்ளன. புலிக்கும் யானைக்கும் மட்டுமே அச்சட்டம் என்று எண்ணுவோர், அந்தப் பட்டியலை ஒரு முறை வாசிப்பது நல்லது. சாதாரணமாகத் தோன்றும் பூச்சி எது, சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது எது என்று களத்தில் நின்று பிரித்தறிவது எளிதன்று. எதையும் பிடிக்காமல் இருப்பதே பாதுகாப்பான வழி.

ஒரு முழத்திலிருந்து எடுக்கக் கற்றவருக்கு இந்தச் சோதனைகளே நேர்வதில்லை. பூச்சி தேன் அருந்துவதை நிறுத்தாமல் இருந்தால், படமும் இயல்பாக அமையும். மீண்டும் ஒரு முறை எடுக்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

அத்தகைய படங்களுக்கு வீட்டுச் சுவரைத் தாண்டிய பயனும் உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் பட்டாம்பூச்சியை ஆராய்ந்தவர்கள் வலையில் பிடித்து ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்கினர். 1932-இல் இந்தியாவின் மிகப்பெரிய பட்டாம்பூச்சி என்று பதிவானது 190 மி.மீ. சிறகுடைய தென்னிந்தியப் பூச்சி ஒன்று. உத்தராகண்டின் தீதீஹாட்டில் கிடைத்த 194 மி.மீ. அளவுள்ள 'கோல்டன் பேர்ட்விங்', 2020-இல்தான் அந்த இடத்தைப் பிடித்தது. 88 ஆண்டுகள் ஒரு பதிவு அசையாமல் இருந்தது என்றால், பார்க்கும் கண்கள் இன்னும் வேண்டும் என்றே பொருள். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் வழிநடத்தும் 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா' இணையதளம், பொதுமக்கள் எடுத்த படங்களை இடம், நாள் விவரங்களுடன் பெற்று, சரிபார்த்துப் பதிவு செய்கிறது. பூச்சியைக் கொல்லாமல் அறிவியலுக்குச் சான்று வழங்கும் வாய்ப்பு இன்று கேமரா வைத்துள்ள எவருக்கும் உண்டு. இத்தகைய பதிவுக்கு அடிச்சிறகின் வடிவம் தெளிவாகத் தெரியும் பக்கவாட்டுப் படமே பெரிதும் உதவும். சிறகுச் செதிலின் நுண்படம் அங்கே பெரும்பாலும் தேவைப்படாது.

எப்படிச் செலவிடுவது?

என் பரிந்துரையின் வரிசை இது. ஏற்கெனவே கேமராவும் 250 அல்லது 300 மி.மீ. சூம் லென்ஸும் வைத்திருப்பவர், இந்தப் பருவம் முழுவதும் அதையே பயன்படுத்தட்டும். படங்களைப் பார்த்து, பூச்சி சட்டகத்தில் சிறிதாகவே நிற்கிறது என்று தோன்றினால், நிறப்பிழை நீக்கிய குளோசப் லென்ஸ் ஒன்றை வாங்கட்டும். பெரிய பூச்சிகளுக்கு இரண்டு டயாப்டரும், நீலன்களுக்கு ஐந்து டயாப்டரை ஒட்டியதும் ஏற்றவை. புதிதாகத் தொடங்குபவர் ஏ.பி.எஸ்.-சி கேமராவும் அண்மையில் குவியம் செய்யக்கூடிய தொலைவுச் சூமும் வாங்குவது நன்று. வாங்கும்முன் லென்ஸின் விவரத்தாளில் 'அதிகபட்ச உருப்பெருக்கம்' என்ற வரியைப் பாருங்கள், 0.25-க்குக் குறையாமல் இருந்தால் நிறைவு. முழுச் சட்டகக் கேமராவுக்கு மாறுவது பட்டாம்பூச்சியைப் பொறுத்தவரை அவசரமில்லை. ஒரே சட்டகத்துக்கு அது கூடுதல் உருப்பெருக்கத்தைக் கோரும். தெளிவு ஆழத்தையும் குறைக்கும்.

மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர், பெருநகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் லென்ஸை இரண்டு நாள் எடுத்துப் பார்க்கலாம். பிறகும் ஆசை நிலைத்திருந்தால், ஓராண்டுத் தொடர் வைப்பில் மாதந்தோறும் சேமித்து வாங்குவது கடனைவிட மேல். பொழுதுபோக்குப் பொருள் வட்டியை ஈட்டித் தராது. வட்டியில்லாத் தவணை என்று விளம்பரப்படுத்தும் திட்டங்களிலும் செயலாக்கக் கட்டணமும், கைவிடப்படும் ரொக்கத் தள்ளுபடியும் அடங்கியிருக்கலாம். மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள். எந்த லென்ஸாக இருந்தாலும், நம் நாட்டின் மழைக்கால ஈரத்தில் உள்கண்ணாடியில் பூஞ்சை படர வாய்ப்புண்டு. சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டி ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் ஒதுக்குவது, பல்லாயிரம் ரூபாய் முதலீட்டைக் காக்கும்.

மிச்சப்பட்ட பணத்தில் பயணம் செல்லுங்கள். உங்கள் பகுதிக்கான கள வழிகாட்டி நூல் ஒன்றை வாங்குங்கள். வீட்டில் இடமிருந்தால் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஓர் எலுமிச்சைக் கன்றும் நடுங்கள். அழகிகள் உங்களைத் தேடி வருவார்கள். 2020 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில் நாடெங்கும் ஆர்வலர்கள் 'பிக் பட்டர்ஃபிளை மந்த்' என்ற பெயரில் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்கின்றனர். மழை பெய்து செடிகள் தழைத்திருக்கும் அந்த மாதத்தில், காலை வெயில் ஏறும் முன்பே புறப்படுங்கள். இளங்குளிரில் பூச்சிகள் சிறகை விரித்து வெயில் காயும் நேரம் அது, நகர்வும் குறைவு. கையில் இருக்கும் லென்ஸை அதன் நீண்ட முனைக்குத் திருப்பி, நிழல் பூச்சியின் மேல் விழாமல், ஒரு முழம் தள்ளி மண்டியிட்டு அமருங்கள். எந்த லென்ஸ் வாங்கலாம் என்ற கேள்விக்கு, அந்தக் காலைப்பொழுதில் எடுத்த நூறு படங்கள் கடைக்காரரைவிடச் சரியான விடை சொல்லும்.